சென்னையிலிருந்து போர்ச்சுகலுக்கு: அக்டோபர், நவம்பர் பயணத்துக்குப் பெட்டி கட்டும் முறை

ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட்டாச்சு என்றதும் பல சென்னை வீடுகளில் முதலில் நடப்பது, மணாலிக்குப் போனபோது வாங்கிய தடித்த ஜெர்கினைப் பரணிலிருந்து இறக்குவதுதான். போகிற நாடு போர்ச்சுகல், போகிற மாதம் அக்டோபர் அல்லது நவம்பர் என்றால் அதை மறுபடி பரணிலேயே ஏற்றிவிடுங்கள். பெட்டியில் பாதியை அது அடைத்துக்கொள்ளும். அங்கே அதைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்டில் ஏறினால் உள்ளே பனியன் நனைந்துவிடும்.

போர்ச்சுகல் அட்லாண்டிக் கடலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் நாடு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் குளிர் அளவோடுதான் வரும். லிஸ்பனில் அக்டோபர் மாதப் பகல் சராசரியாக 22, 23 டிகிரி, இரவு 15 டிகிரி அளவில் இருக்கும். நவம்பரில் பகல் 17, 18 டிகிரிக்கும் இரவு 11, 12 டிகிரிக்கும் இறங்கும். வடக்கே இருக்கும் போர்ட்டோவில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் யாரோ ஒருவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு 22-லேயே ஓடவிடுகிறாரே, அந்தக் குளிர்தான் லிஸ்பனின் அக்டோபர் பகல். நவம்பர் இரவு ஊட்டிக்குப் பக்கத்தில் வரும்.

ஆகவே குளிரை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டாம். பெட்டி கட்டும்போது கணக்கில் எடுக்க வேண்டியவை மழை, கடற்காற்று, மேடும் படியுமான தெருக்கள், அப்புறம் வீட்டுக்குள் இருக்கும் ஈரக் குளிர். இவற்றைச் சமாளிக்கிற பெட்டி, நீங்களே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற எடையில் இருக்க வேண்டும்.

முதலில் தேதி, ஊர்

எந்த வாரம், எந்த ஊர் என்று முடிவாகாமல் கடைக்குப் போகாதீர்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ, அதாவது நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போகிறவர்களுக்குக் கோடையின் மிச்சம் கிடைக்கும். பகலில் சாதாரணச் சட்டை போதும், சாயங்காலத்துக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர். தீபாவளிக்குப் பிறகு கிளம்புகிறவர்கள் மழைக்குத் தயாராகப் போக வேண்டும். அங்கே கோடை முழுக்க வறண்டு கிடக்கும். அக்டோபரில் மழை தொடங்கி, நவம்பர், டிசம்பரில் வலுக்கும். நம் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் என்பதால், மழையிலிருந்து தப்பிக்க நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் நவம்பர் 11-ஆம் தேதி வரும் புனித மார்ட்டின் நாளை ஒட்டிச் சில நாள் வெயில் எட்டிப் பார்க்கும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அந்த நேரத்தில் தெருமுனைகளில் செஸ்நட் கொட்டைகளைச் சுட்டு விற்பார்கள். வேர்க்கடலை வறுவல் பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. தெற்கே அல்கார்வ் கடற்கரை கதகதப்பானது. வடக்கே போர்ட்டோவில் லிஸ்பனைவிட மழை கூடுதல். லிஸ்பனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சிந்த்ரா மலைப்பாங்கான ஊர். லிஸ்பனில் நல்ல வெயில் அடிக்கும்போதே அங்கே அரண்மனை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருக்கும். ஒரு நாள் சிந்த்ரா போய்வருகிறவர்கள் ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. மடெய்ரா தீவு எல்லாவற்றிலும் மிதம். அங்கே கடலோரத்தில் இருக்கும் வரை குளிர் உடையே தேவைப்படாது. 1,818 மீட்டர் உயரமுள்ள பிக்கோ டோ ஆரியேரோ சிகரத்தில் சூரிய உதயம் பார்க்கப் போனால் மட்டும் குல்லா, கிளவுஸ் வரை வேண்டும்.

இன்னொன்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், பிறகு ஐந்தரை. முதல் நாள் ஆறே முக்கால் மணிக்கு மறைந்த சூரியன் மறுநாள் ஆறு மணிக்கு முன்பே மறையும். நவம்பரில் போகிறவர்கள் சாயங்காலம் முழுவதும் இருட்டிலும் குளிரிலும் நடப்பார்கள். காலையில் வெயிலைப் பார்த்து ஏமாந்து ஜெர்கின் இல்லாமல் இறங்கினால் ஆறு மணிக்கு மேல் சிரமம்தான்.

உடை: அடுக்கடுக்காக

கனமான ஒரே உடைக்குப் பதிலாக மெல்லிய மூன்று உடைகள் என்பதே அடிப்படை. உடம்போடு ஒட்டிய ஒன்று, அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஒன்று, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் ஒன்று. மேடு ஏறும்போது ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம், டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது மாட்டிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இப்படிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், தலை வழியாகப் போடுவதைவிட முன்னால் ஜிப் வைத்தது வசதி.

பத்து நாள் பயணத்துக்கு என் கணக்கு இது. ஐந்து சட்டை அல்லது டாப்ஸ், அதில் இரண்டு முழுக்கை. இரண்டு பேன்ட். ஒரு ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். காற்று புகாத, தண்ணீர் இறங்காத, தலைக்கு மூடி வைத்த ஒரு ஜெர்கின். உள்ளாடையும் சாக்ஸும் ஏழு ஏழு. ஒரு மஃப்ளர் அல்லது ஸ்டோல். நவம்பர் என்றால் ஒரு செட் தெர்மல், அதாவது சட்டைக்கும் பேன்ட்டுக்கும் உள்ளே போடும் குளிர் உள்ளாடை, அதுவும் மெல்லியது. பத்து நாளைக்குப் பத்து செட் எடுப்பது கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பழக்கம். அங்கே உங்களைத் தினமும் பார்க்கப்போகிறவர் யாரும் இல்லை, துவைத்துக்கொள்ளலாம்.

துவைப்பது என்றதும் நினைவுக்கு வர வேண்டியது காய்வது. மழைக்காலத்தில் சென்னை வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, இரண்டு நாள் கழித்தும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும் ஜீன்ஸை நாம் அறிவோம். அங்கே மின்விசிறியும் பெரும்பாலும் இருக்காது. ஜீன்ஸ் ஒன்று போதும், அதைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறிவிடுங்கள். இரண்டாவது, சீக்கிரம் காயும் துணியில் இருக்கட்டும். கனமான பருத்தித் துணிக்கும் இதே விதி. காசு போட்டு நாமே துவைத்து உலர்த்தும் சலவைக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் பயணத்தின் நடுவில் ஒரு மாலையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

புடவை கட்டுகிற அம்மா, மாமியார் கூட வருகிறார்களா? சுடிதாருக்கு மாறச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. உள்பாவாடைக்குக் கீழே தெர்மல் லெக்கிங்ஸ், மேலே முழுக்கை ரவிக்கை அல்லது ரவிக்கை மேல் மெல்லிய ஸ்வெட்டர், அவ்வளவுதான். புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டச் சொல்லுங்கள், ஈரத் தெருவில் ஓரம் இழுபடாமல் இருக்கும். பட்டும் மொடமொடப்பான காட்டனும் வேண்டாம். சிந்தெடிக் புடவை நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். வேட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வாரம் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? ஜெர்கின், தெர்மல், ஃப்ளீஸ் இவற்றை விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் வருடம் முழுக்கப் பார்க்கலாம். மழைக்காலத்தில் சென்னைக்கு வந்து கடை போடும் திபெத்திய வியாபாரிகளிடம் நல்ல ஸ்வெட்டர் கிடைக்கும், ஆனால் அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்புகிறவர்களுக்கு அது உதவாது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தி. நகர் பக்கம் போவதைத் தவிர்த்துவிடுங்கள். சாக்ஸும் பனியனும் வாங்க ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்துவது அநியாயம். எல்லாவற்றுக்கும் முன்னால், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வருடத்தில் பதினொரு மாதம் பீரோவில் தூங்கும் ஜெர்கின் ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும்.

வீட்டுக்குள் குளிர்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள், “வெளியேதான் குளிர், உள்ளே வந்துவிட்டால் ஹீட்டர், பனியனோடு உட்காரலாம்” என்பார்கள். போர்ச்சுகலில் பழைய வீடுகள் பலவற்றில் மைய ஹீட்டர் கிடையாது. தடித்த கல் சுவர், ஓடு பதித்த தரை, ஜன்னல் இடுக்கில் காற்று. வெளியே வெயில் காய்கிற மதிய நேரத்தில் உள்ளே வந்தால் சில்லென்று இருக்கும். நல்ல ஹோட்டல்களில் இந்தப் பிரச்சினை இல்லை. வாடகைக்கு எடுக்கும் அப்பார்ட்மெண்டுகளில் உண்டு, அதுவும் நவம்பரில் நன்றாகவே தெரியும்.

அதனால் இரவு உடையை அலட்சியமாக எடுத்து வைக்காதீர்கள். லுங்கி, நைட்டி மட்டும் போதாது. முழுக்கால் டிராக் பேன்ட், முழுக்கை டி-ஷர்ட், வீட்டுக்குள் போட ஒரு ஜோடி கனத்த சாக்ஸ், ரப்பர் செருப்பு. வெறுங்காலோடு அந்தத் தரையில் நடக்கச் சென்னைக் கால்கள் பழகியிருக்காது. குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லாவும் வைத்துக்கொள்ளுங்கள், தூங்கும்போது உதவும். வாடகை வீடு பதிவு செய்யும்போதே ஹீட்டர் உண்டா, கூடுதல் கம்பளி உண்டா என்று உரிமையாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டால் இங்கிருந்து போர்வை தூக்கிப் போக வேண்டாம்.

மழையும் காற்றும்

அட்லாண்டிக் மழை நம் ஊர் மழை போல நின்று நிதானமாகக் கொட்டுவது குறைவு. காற்றோடு சாய்வாக அடிக்கும், பத்து நிமிடத்தில் நிற்கும், வெயில் வரும், மறுபடி அடிக்கும். இதற்குக் குடையைவிட மூடி வைத்த ஜெர்கின்தான் சரி. மடக்குக் குடை ஒன்று இருக்கட்டும், காற்றில்லாத தூறலுக்கு ஆகும். ஆனால் கடலோரத்தில் அதை விரித்தால் கம்பிகள் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். ஸ்கூட்டருக்கு வாங்கிய இரண்டு துண்டு ரெயின்கோட்டை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீர் இறங்காது, உண்மைதான். ஆனால் காற்றும் வெளியேறாததால் ஏற்றத்தில் நடந்தால் உள்ளேயே வியர்வை மழை பெய்யும்.

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியான காபோ டா ரோக்கா முனைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. கடலிலிருந்து நூற்று நாற்பது மீட்டர் உயரப் பாறை விளிம்பு, தடுக்க ஒன்றுமில்லாத காற்று. நசரே ஊரிலும் அப்படித்தான். அங்கே கடலுக்கடியில் உள்ள பெரிய பள்ளத்தாக்கு அலைகளை ஒன்று சேர்த்து உயர்த்திவிடுகிறது. 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஸ்டூட்னர் அங்கே 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். பெரிய அலைகளின் பருவம் அக்டோபரில்தான் தொடங்கும், கலங்கரை விளக்கம் இருக்கும் கோட்டையிலிருந்து பார்க்கலாம். இந்த இரண்டு இடங்களுக்கும் போகும் நாளில் தொப்பியை நம்பாதீர்கள், பறந்துவிடும். காதோடு சேர்த்துச் சுற்றிக்கட்டிய மஃப்ளர், நம் ஊர் வாட்ச்மேன் மார்கழியில் கட்டுவதுபோல, அழகாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

நீச்சல் உடை? லிஸ்பன் பக்கம் அக்டோபர் கடல்நீர் 18, 19 டிகிரி. வங்கக் கடல் அந்த மாதத்தில் 28, 29 இருக்கும். மெரினாவில் காலை நனைத்துப் பழகியவர்களுக்கு அங்கே முழங்கால் வரை இறங்குவதே சாதனை. அக்டோபர் தொடக்கத்தில் அல்கார்வ் போகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ

பெட்டியில் எது தவறினாலும் அங்கே வாங்கிவிடலாம். காலுக்குப் பழகிய ஷூ மட்டும் அப்படி இல்லை. லிஸ்பனின் நடைபாதைகள் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்து உண்டாக்கியவை. நூறாண்டு கால் பட்டு வழவழப்பாகியிருக்கும். மழை பெய்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மொசைக் தரை மாதிரிதான். அதிலும் பாதி தெருக்கள் சரிவு. தோல் அடி வைத்த பார்மல் ஷூ, தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ, குதிகால் செருப்பு எல்லாமே எலும்பு டாக்டரிடம் கொண்டு விடும்.

அடியில் பள்ளம் வெட்டிய, மென்மையான ரப்பர் உள்ள நடைப்பயிற்சி ஷூ வாங்குங்கள். அரை அளவு பெரிதாக இருந்தால் கனத்த சாக்ஸுக்கு இடம் இருக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ பூங்காவிலோ தினமும் ஒரு மணி நேரம் நடந்து பழக்கிவிட வேண்டும். புது ஷூவோடு லிஸ்பனின் பழைய மேட்டுப் பகுதியான அல்ஃபாமாவின் படிகளில் ஏறினால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வரும். வீட்டுப் பெரியவர்களுக்கு முழங்கால் வலி இருந்தால் நீ-கேப், வலி நிவாரண ஜெல், முடிந்தால் மடக்கும் கைத்தடி. இரண்டாவது ஜோடி என்று தனி ஷூ வேண்டாம், நல்ல பட்டை வைத்த சாண்டல் போதும். ஷூ நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து வையுங்கள்.

சாப்பாடு

சைவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் போக வேண்டும். உப்பிட்டு உலர்த்திய காட் மீன் அந்த நாட்டின் உயிர். கீரை சூப் என்று நினைத்து வாங்கும் கால்டோ வெர்டேயில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும், சொல்லித் தவிர்க்க வேண்டும். ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. அவர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் அரிசி, சர்க்கரை சேர்க்காத தயிர், தக்காளி, முட்டை எல்லாம் கிடைக்கும். லிஸ்பனில் மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தைச் சுற்றித் தெற்காசியக் கடைகள் உண்டு, பருப்பும் மசாலாவும் அங்கே வாங்கலாம். அதனால் அரிசி, பருப்பு, ரவை என்று மளிகைக் கடையைப் பெட்டியில் ஏற்ற வேண்டியதில்லை.

எடுத்துப் போக வேண்டியது பொடிகள். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளியோதரைப் பொடி. அவல் அரைக் கிலோ. ரசப் பொடி கொஞ்சம். வீட்டில் அரைத்தது என்றால் நன்றாக ஆறவைத்து, காற்றுப் போகாத கவரில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதுங்கள். பெயர் எழுதாத மஞ்சள் பொடிப் பொட்டலத்தைச் சுங்க அதிகாரியிடம் விளக்குவது நல்ல ஆரம்பம் ஆகாது. கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், தொக்கு பாட்டில்கள் வேண்டாம். கசிந்தால் அந்தப் பயணம் முழுக்க உங்கள் சட்டையில் ஆவக்காய் மணக்கும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். ஊருக்குப் போகும் பிள்ளைக்கு என்று பாட்டி காய்ச்சிக் கொடுத்த நெய்யும் அடங்கும். கைக்குழந்தைக்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு. மோர் மிளகாய் பால் பொருளா இல்லையா என்று விமான நிலையத்தில் வாதாடுவதைவிட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது சுலபம். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், எலுமிச்சை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் வேண்டாம். வேண்டாம் என்பதற்காகத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், நம் பக்கத்து விமானப் பாதுகாப்பு விதிகளில் சிக்கல் வரும்.

சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அடுப்புள்ள அப்பார்ட்மெண்ட் எடுத்திருந்தால் அது வீண் சுமை, ஹோட்டல் அறை என்றால் பெரும்பாலும் சமைக்க அனுமதி இல்லை.

மருந்து, எண்ணெய், குளியலறை

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாள்களுக்கும் மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கத்தரிக்காமல், மருந்தின் பொதுப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கைப்பையில். இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான், விமானத்தின் சரக்கு அறைக் குளிரில் கெட்டுவிடலாம். டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடைகள் எங்கும் உண்டு. பாராசிட்டமால் சீட்டில்லாமல் தருவார்கள், ஆன்டிபயாட்டிக் தர மாட்டார்கள். சளி, தொண்டைக் கரகரப்புக்குச் சுக்குப் பொடியும் பனங்கற்கண்டும், தலைவலிக்கு ஒரு சின்ன அமிர்தாஞ்சனம். அவசர எண் 112, செல்போனில் முன்பே பதிந்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அங்கே அறையே 18 டிகிரி என்றால் குறுகிய வாய் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி, இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். கடற்காற்றில் உதடும் கையும் வெடிக்கும், வாசலின் டப்பா ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

கழிப்பறையில் காகிதம்தான். பழைய வீடுகளில் பிடே எனப்படும் தனித் தொட்டி இருக்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம். இல்லாத இடத்துக்கு, அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் பயண பாட்டிலோ மடக்கும் சிலிக்கான் குவளையோ எடுத்துப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் எடுத்துத்தான் போகிறார்கள், பேசுவதில்லை, அவ்வளவே. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டால் காசு மிச்சம்.

காகிதம், காசு, கம்பி

பாஸ்போர்ட், ஷெங்கன் விசா (போர்ச்சுகல் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, பயணக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அச்சு நகல் எடுத்து ஒரே ஃபோல்டரில், கைப்பையில். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடுகட்ட வேண்டும். பாஸ்போர்ட், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். வரிசை நீளலாம். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி மட்டும் விட்டு டிக்கெட் போடாதீர்கள். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தப் பதிவு லிஸ்பனில் நடக்கும், பிராங்க்பர்ட் வழி என்றால் அங்கேயே நடக்கும்.

பணம் கார்டிலேயே ஓடும். சின்னக் காபிக் கடைகளுக்கு 10, 20 யூரோ தாள்கள் கொஞ்சம் வேண்டும். லிஸ்பனின் 28-ஆம் நம்பர் டிராம் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. ஜிப் வைத்த, குறுக்காக மாட்டும் பையை முன்பக்கம் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள், பிராட்வேயில் பஸ் ஏறுவதுபோல.

மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். நம் இரண்டு முள் செல்போன் சார்ஜர் பெரும்பாலும் நேராகவே பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது. ரிச்சி தெருவில் ஐரோப்பிய அடாப்டர் ஒன்று வாங்கி, கூடவே நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டால் குடும்பம் முழுவதற்கும் போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். வரை தொல்லையில்லை.

பெட்டியும் எடையும்

நான்கு சின்னச் சக்கரம் வைத்த பெரிய பெட்டி மீனம்பாக்கம் வரை வழுக்கிக்கொண்டு வரும். லிஸ்பனின் கல் தெருவில் அதன் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டும், சத்தமும் தெருவை எழுப்பும். இரண்டு பெரிய சக்கரம் உள்ள நடுத்தரப் பெட்டி மேல், முதுகுப் பை இன்னும் மேல். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, மூன்றாம் மாடி என்றால் மூன்றாம் மாடிதான். விமானம் 30 கிலோ அனுமதிக்கிறதே என்று 30 கிலோ நிரப்ப வேண்டாம். கட்டி முடித்த பெட்டியை உங்கள் அப்பார்ட்மெண்ட் படியில் நீங்களே தூக்கி மூன்று மாடி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து பிரித்து எடுக்கத் தொடங்குங்கள். முதலில் போக வேண்டியது “எதற்கும் இருக்கட்டும்” என்று வைத்த மூன்றாவது பேன்ட்.

அடுக்குவதற்கு முன் பெட்டிக்குள் பெரிய குப்பைப் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து வாயை மடக்குங்கள். இரண்டு ஊரிலும் மழைக்காலம், பெட்டி விமானத்துக்குப் போகும் வண்டியில் நனைந்துகொண்டு நிற்கும். ஒரு நாளைக்குத் தேவையான மாற்று உடை, ஸ்வெட்டர், மருந்து, பல் துலக்கும் சாமான் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம்.

கிளம்பும் நாள்

ஜீன்ஸ், ஷூ, ஜெர்கின் மூன்றையும் உடம்பிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஜெர்கினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதற்குச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், மூன்றும் சேர்ந்தால் இரண்டு கிலோ. வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. நவம்பர் என்றால் வானிலை அறிக்கையை மூன்று நாள் முன்பிருந்தே பாருங்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. கனமழை எச்சரிக்கை இருந்தால் ஜி.எஸ்.டி. சாலையையும் கால் டாக்சியையும் நம்பாமல் சாயங்காலமே மெட்ரோ பிடித்து விமான நிலையம் போய் உட்கார்ந்துவிடலாம். பெட்டி சின்னதாக இருந்தால் இது முடியும். தரைத்தள வீட்டுக்காரர்கள் கிளம்புமுன் மெயின் சுவிட்சை அணைத்து, தரையில் இருக்கும் பேட்டரி, துணி மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.